பெருமைப் பலகையில் ஏழாவது பெயர்

பழைய மாணவர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த மேசையில் வேலை கம்மி, வம்பு ஜாஸ்தி. வருஷத்தில் பத்து மாதம் ஈ ஓட்டலாம். ஆண்டு விழா நெருங்கினால் மட்டும் சங்ககிரியிலிருந்து பரமத்தி வேலூர் வரை அத்தனை பேருக்கும் உங்கள் போன் நம்பர் தெரிந்துவிடும். நான் இருபது வருஷத்துக்கு மேல் அங்கே குப்பை கொட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டு விழா மாதம் வந்தால் போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுகிறேன்.

எல்லாம் அந்தப் பெருமைப் பலகையால் வந்த வினை. நம் கப்பல் காலேஜில் படித்துப் போனவர்களில் குறிப்பிடத்தக்கவர் யார் யார் என்று முடிவு செய்து, முகப்புக் கூடத்துச் சுவரிலும் இணையதளத்திலும் பெயரைப் போட வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். செய்து பாருங்கள், தெரியும்.

நம் காலேஜ் இருப்பதே ஒரு வேடிக்கை. கடல் வாடையே எட்டாத மேட்டு நிலத்தில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே கொடிமரம் நட்டுக் கடற்பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் பையன்கள் சோடை போகவில்லை. சிலர் கடற்படையில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் சரக்குக் கப்பல்களில் ஏறி உலகத்தைச் சுற்றினார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெருமை, ஒவ்வொரு பெருமைக்கும் பலகையில் ஒரு வரி வேண்டும்.

வந்த சிபாரிசுகளைக் கேளுங்கள். ஒருவர் முதல் வருஷத்திலேயே படிப்பைப் பாதியில் விட்டு ஓடியவர். கப்பலை டிவியில் பார்த்ததோடு சரி. வார்டு உறுப்பினர் ஆகிவிட்டார், அதனால் பெயரைப் போட வேண்டுமென்று ஆள் அம்போடு வந்து நின்றார். இன்னொரு பையனின் மாமா வந்து, "எங்க பையன் இருக்கற கப்பலு ஒலகத்துலயே பெருசுங்க" என்று கையை விரித்துக் காட்டினார். கப்பல் பெருசுதான், ஒப்புக்கொள்கிறேன். பையன் அதில் இன்ஜின் அறையில் கடைசி ஆள். "அப்ப கப்பல் பேரை எழுதிடலாங்களா?" என்று கேட்டேன். மனிதர் அடுத்த வருஷம் ஆண்டு விழாவுக்கே வரவில்லை.

இந்தத் தொல்லைக்காகவே எங்கள் முதல்வர் ஒரு விதி வைத்திருந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பல வருஷம் கப்பலில் கேப்டனாக இருந்து கரைக்கு வந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் விதி இதுதான்: கேப்டன், அல்லது தலைமைப் பொறியாளர், அல்லது கடற்படையில் அதற்கு ஈடான பதவி. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பலகை, இல்லையென்றால் கைகுலுக்கல். "விட்டுப்போன பேரை அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம் மேடம். தப்பாச் சேர்த்த பேரை எடுக்கும்போது ஒருத்தன் தோலும் சேர்ந்து உரியும்" என்பார். நானும் தலையைத் தலையை ஆட்டுவேன். ஆட்டிய தலைக்குள் ஏறியிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விதி சரி, ஆதாரம்? அந்தப் பதவிக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட எல்லோரிடமும் சான்றிதழ் நகல் கேட்டு மெயில் போடுவேன். நான் மாட்டிக்கொண்ட அந்த வருஷம் இருபது பேரில் பத்தொன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். பரமத்தி வேலூர் சௌந்தர் மட்டும் இரண்டு மெயிலுக்கும் பதில் போடவில்லை. பலகைக்கு எழுத்து வெட்டுகிறவரோ திருச்செங்கோட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்து உயிரை வாங்கினார். பையன் நடுக்கடலில் இருப்பான், பாவம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேசை டிராயரைத் திறந்தால் அவனுடைய கல்யாணப் பத்திரிகை மூலையில் மஞ்சள் காய்ந்துபோய்க் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். மேலே குலதெய்வத்தின் பெயர், துணை. கீழே கொட்டை எழுத்தில் "கேப்டன் மு. சௌந்தர்".

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நம் பக்கத்து ஆள் எவராக இருந்தாலும் அங்கேதான் விழுந்திருப்பார். குலதெய்வத்தின் பெயரைப் போட்டு அதற்கு நேர் கீழே யாராவது பொய் அச்சடிப்பார்களா? போதாக்குறைக்கு அந்தக் கல்யாணத்துக்கு நானே போயிருந்தேன். மண்டப வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ், வெள்ளைச் சீருடையில் மாப்பிள்ளை, தோளில் தங்கப் பட்டை. எண்ணிக்கூடப் பார்த்தேன், நாலு. நாலு பட்டை என்றால் கேப்டன். இதற்கு மேல் என்ன ஆதாரம் என்று பத்திரிகையை நகல் எடுத்து ஃபைலில் கோத்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் உடம்பில் சௌந்தரின் தலையை ஒட்டியிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? காலேஜில் அவன் சேர்ந்த வருஷத்தை வைத்து விரல் விட்டு எண்ணியிருந்தாலே, இந்த வயதில் கேப்டன் ஆகியிருக்க முடியாது என்று தெரிந்திருக்கும். எண்ணவில்லை. பட்டையை எண்ணினேன், வருஷத்தை எண்ணவில்லை.

அவனுடைய அப்பா முத்துசாமி அண்ணனுக்கு நானே போன் செய்து சொன்னேன். பரமத்தி வேலூரில் வெற்றிலை விவசாயம் செய்கிறவர். "அண்ணா, தம்பி பேரு பலகையில ஏழாவதா வருதுங்க, வெள்ளிக்கெழமை திறக்கறோம், குடும்பத்தோட வந்துருங்க" என்றேன். "அப்டீங்களா அம்மிணி... செரிங்க" என்று வைத்துவிட்டார். சந்தோஷத்தில் மனிதருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. எனக்கு எப்போதும் இப்படித்தான், கண்ணீர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடும்.

திங்கட்கிழமை பட்டியலை இணையதளத்தில் ஏற்றினேன். புதன்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன்.

"மேடம், சௌந்தர் பேசறனுங்க. அந்த லிஸ்ட்ல இருந்து எம் பேரை எடுத்துருங்க."

"ஏஞ்சாமி, தன்னடக்கமா?" என்று சிரித்தேன்.

"இல்லீங்க மேடம். நான் கேப்டன் இல்லீங்க. செகண்ட் ஆபீசர்தானுங்க. மேல போற பரீட்சையை ரெண்டு தடவை எழுதிட்டேன், ரெண்டு தடவையும் போயிருச்சுங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். செகண்ட் ஆபீசருக்கு மேலே சீஃப் ஆபீசர், அதற்கும் மேலேதான் கேப்டன். இவன் இன்னும் இரண்டு படி ஏற வேண்டும்.

"பத்திரிகையில போட்டிருந்துதே கண்ணு?"

"அது எங்கப்பா பண்ணுன வேலைங்க. அச்சடிச்சு வந்த பொறவுதான் நானே பார்த்தேன். மேடம், கம்பெனியில யாராச்சும் இந்த லிஸ்ட்டைப் பார்த்தா நானே பொய் சொல்லிப் பேரைச் சேர்த்துக்கிட்டேன்னு நெனப்பாங்க. வேலை போயிருங்க. மறுபடி எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க."

"அப்பாகிட்டப் பேசிட்டியா?"

"நீங்களே சொல்லிருங்க மேடம். நாங்க ரெண்டு பேரும் பேசியே ஆறேழு மாசமாச்சுங்க" என்றான்.

இணையதளத்தில் இருந்து பெயரை எடுக்க இரண்டு நிமிஷம் ஆனது. சுவரில் இருந்த பலகைதான் பிரச்சினை. எழுத்தெல்லாம் ஒட்டி, திரைச்சீலை மாட்டி, வெள்ளிக்கிழமைக்குத் தயாராக நின்றது. நான் நேராக முதல்வர் அறைக்குப் போனேன். தாளாளரும் அங்கேயே இருந்தார். அவர் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர்வெல் போட்டுப் பெரிய ஆளானவர். மச்சான் மகன் கப்பலில் ஏறினான் என்ற ஒரே காரணத்துக்காகக் காலேஜ் ஆரம்பித்த புண்ணியவான். என் தப்பை ஒளிக்காமல் இரண்டு பேரிடமும் சொன்னேன்.

தாளாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுக்கு ஏனுங்க மேடம் இப்படி வேர்த்து ஊத்துது? வெள்ளிக்கெழமை ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும். சனிக்கெழமை காலையில கழட்டிப் போடுங்க. அப்பனும் வந்து பார்த்துட்டுச் சந்தோசமாப் போவாப்ல. சொந்தக்காரங்க வேன் புடிச்சு வாராங்களாமா, தெரியுங்களா?"

எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையே இணையதளத்தில் பெயர் வந்ததைப் பார்த்துவிட்டுப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து தாங்களே வேன் பேசிவிட்டார்களாம். பங்காளிகளோடு வேனில் வந்து இறங்குகிற மனிதர், அத்தனை பேருக்கும் முன்னால் திரையை விலக்கும்போது பெயர் இல்லாவிட்டால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்?

உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை யோசனை எனக்குத் தேனாக இனித்தது. யாருக்கும் மனம் நோகாது, என் தப்பும் வெளியே தெரியாது. வாயைத் திறந்து சரி என்று சொல்லப் போனேன். முதல்வர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "லிஸ்ட்டுல கையெழுத்து உங்களது. நீங்களே சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், அன்றைய பத்து வார்த்தையில் ஐந்தைச் செலவழித்துவிட்டார்.

பாவி மனுஷர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அங்கேயே நின்றபடி யோசித்தேன். வேனில் வருகிறவர்கள் கையில் எல்லாம் போன் இருக்கும். பலகைக்கு முன்னால் நின்று ஆளுக்கு நாலு படம் எடுப்பார்கள். மாலைக்குள் அது எந்தெந்த வாட்ஸப்புக்கெல்லாம் போகும் என்று யார் கண்டது? சனிக்கிழமை நான் எழுத்தைக் கழற்றுவேன், படத்தை யார் கழற்றுவது? அப்பாவின் ஒரு நாள் சந்தோஷத்துக்கு மகனின் பிழைப்பைப் பணயம் வைக்கிற உரிமை எனக்கு இல்லை. "இன்னைக்கே எடுத்துடறேன் சார். நாளைக்கு நானே நேர்ல போய் அவங்கப்பாகிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்றேன். தாளாளர், "போன்ல சொல்லிட்டா ஆச்சுங்களே" என்றார். நல்ல செய்தியைத்தான் போனில் சொன்னேன், அது இந்த லட்சணத்தில் முடிந்தது. கெட்ட செய்தியையாவது நேரில் சொல்ல வேண்டாமா?

வியாழக்கிழமை திருச்செங்கோட்டில் பஸ் மாறிப் பரமத்தி வேலூர் போய்ச் சேர்ந்தேன். முத்துசாமி அண்ணன் கொடிக்காலில் இருந்தார். வெற்றிலைத் தோட்டத்துக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதால் வரப்பிலேயே கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்தேன். அகத்தி மரங்களுக்கு நடுவே அவரும் மருமகள் கீர்த்தனாவும் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா, தப்பு எம்மேலதானுங்க. சான்றிதழ் பார்க்காமச் சேர்த்துட்டேன். தம்பி பேரை எடுத்தாச்சுங்க."

அவர் கோபப்படுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். மனிதர் பொத்தென்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "உங்க தப்பு இல்லீங்க அம்மிணி. பத்திரிகையில போட்டது நானுங்க" என்றார். "எங்க பங்காளி ஊட்டுப் பையன் டாக்டருங்க. அவன் கல்யாணத்துல பத்திரிகையப் பிரிச்சா பேருக்கு முன்னால டாக்டர்னு இருக்குது. எம் பையன் பேரு மட்டும் மொட்டையா நின்னுச்சு. இன்னிக்கில்லாட்டி நாளைக்கு ஆயிருவான்னு போட்டுப்போட்டேன். சாமி பேருக்குக் கீழ பொய்யி அடிச்சவன் நானுங்க. நீங்க போன் பண்ணுன அன்னிக்கே சொல்லியிருக்கோணும். நாக்கு வரலீங்க."

எனக்கு வேறொரு பயம் வந்தது. மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். கேப்டன் என்று நம்பிக் கழுத்தை நீட்டிய பெண் ஆயிற்றே! மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே, "எனக்குத் தெரியுங்க மேடம். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே செகண்ட் ஆபீசர்னுதான் சொன்னாரு. எங்கூட்லயும் தெரியும்" என்றாள்.

"அப்பறம் என்ன கண்ணு பிரச்சினை?"

"அவரு ஊருக்கே வாரதில்லீங்க. லீவு கெடைச்சாலும் சென்னையிலயே ரூம் எடுத்துத் தங்கிக்கறாரு, நாந்தான் போய்ப் பார்த்துட்டு வாரேன். இங்க வந்தா பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு ஊடு வரைக்கும் எல்லாரும் கேப்டன் கேப்டன்னு கூப்படறாங்களாம். அதைக் கேட்டுட்டு உக்காந்து படிக்க முடியலீங்கறாரு. ரெண்டு பொங்கலு வரலீங்க." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஏதோ வேலை போகிற விஷயம், மானம் போகிற விஷயம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்த வீட்டில் அதைவிடப் பெரியது ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரே பிள்ளை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பெற்றவர் ஆசையாகச் சூட்டிய ஒரு வார்த்தையே வாசலில் நின்று அவனை உள்ளே விடாமல் தடுத்தது. எனக்குத் தாங்கவில்லை. அந்த நிமிஷத்தில் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். "அண்ணா, நாளைக்கு உடம்பு செரியில்லைன்னு சொல்லி வேனை நிறுத்திருங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது" என்றேன். பொய்யைக் கழற்றப் போனவள் இன்னொரு பொய்யைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஒரு கவுளி வெற்றிலையைக் கட்டி என் பையில் வைத்து பஸ் ஏற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காலேஜ் வாசலில் வேன் வந்து நின்றது. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாகப் பதினைந்து பதினாறு பேர் இறங்கினார்கள். கடைசியாக முத்துசாமி அண்ணன் இறங்கினார், கூடவே கீர்த்தனா. சிறப்பு விருந்தினர் திரையை விலக்கினார், எல்லோரும் கை தட்டினார்கள். ஆறாவது பெயருக்கும் எட்டாவது பெயருக்கும் நடுவில் ஒரு வரி காலி, பசைத் தடம் மட்டும் தெரிந்தது. எழுத்துக்காரர் அதைச் சுரண்டக்கூட நேரமில்லை என்று போயிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் வேனில் வந்தவர்கள் பலகையைச் சுற்றிக்கொண்டார்கள். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தார்கள். டாக்டரின் அப்பா, அந்தப் பங்காளி, "ஏப்பா முத்துசாமி, உம் பையன் பேரை எங்க காணோம்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு ஏதோ அச்சுப்பிழை என்று உளற வாயெடுத்தேன். முத்துசாமி அண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இந்த அம்மிணி மேல குத்தமில்லை. எம் பையன் இன்னும் கேப்டன் ஆகலை. பரீட்சை ரெண்டு தடவை போயிருச்சு, மூணாவது தடவைக்குப் படிச்சிட்டிருக்கறான். பத்திரிகையில கேப்டன்னு பொய்யி அடிச்சது நானு. அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை." குரல் நடுங்கியது, ஆனால் ஒரு வார்த்தையையும் முழுங்கவில்லை.

பங்காளி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அட இதாச் சேதி? இது எங்களுக்கு அப்பவே தெரியுமப்பா. அந்த வயசுல எவன் கேப்டன் ஆவறான்? ஆசைப்பட்டுப் போட்டுப்போட்டே, உம் மனசு நோகக் கூடாதுன்னுதான் நாங்களும் கேப்டன்னே கூப்பிட்டுட்டுத் திரிஞ்சோம். இன்னிக்கும் உன் சந்தோசத்துக்குத்தான் வேன் பேசி ஏறுனோம்."

எப்படி இருக்கிறது கதை! சம்பந்தி வீட்டுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், பங்காளிகளுக்குத் தெரியும். அந்தப் பத்திரிகையை உண்மை என்று நம்பியது இந்தப் பூமியில் ஒரே ஆள், சரிபார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய நான். முதல்வர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார். அதற்குப் பதில் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன். எந்தப் பெயர் வந்தாலும் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். சீருடை போட்ட படம், பத்திரிகை, ஃப்ளெக்ஸ் எதையும் நம்பாதீர்கள். பதில் போடாத ஆளுக்கு ஒரு போன் போடுங்கள், அவன் வாய் மூடியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே எடுங்கள், சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். முக்கியமாக, அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள். என்னைவிட அவர்களுக்கு அதிகத் தைரியம் இருந்தது. சௌந்தர் பிறகு கேப்டன் ஆனானா என்று கேட்பீர்கள். அது இப்போது உங்கள் வேலை, எழுதிக் கேளுங்கள்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் பந்திக்குக் கிளம்பிய பிறகும் முத்துசாமி அண்ணன் பலகைக்கு முன்னாலேயே நின்றார். கீர்த்தனா தன் போனில் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாமி... அப்பன் பேசறேன். பேரை எடுத்தாச்சு. எல்லாருகிட்டயும் நானே சொல்லிப்போட்டேன். இனி ஒருத்தரும் உன்னைய அப்பிடிக் கூப்பட மாட்டாங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வெகு நேரம் அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். "ம்" என்றார், இன்னொரு முறை "ம்" என்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. பந்திப் பக்கம் போன பங்காளிகள்கூடத் திரும்பி வந்து நின்றுவிட்டார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பொங்கலுக்கு வாரானாமுங்க" என்றார்.